ஓடாத நாளில் சக்கரம் என்ன ஆகிறது? மகா ரதம் முதல் மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் டயர் வரை

இந்த எபிசோடைக் கேட்க நேரம் இல்லாதவங்களுக்காக எழுத்து வடிவம் இது. பேசும்போது வந்த இழுவையை எல்லாம் வெட்டிட்டு, கொஞ்சம் ஒழுங்கு பண்ணிப் போட்டிருக்கோம்.

டொராண்டோவில் இருக்கிற ஒரு நேயர் கேட்டிருந்தார்: "பனிக்காலம் முடிஞ்சதும் விண்டர் டயரைக் கழட்டி பேஸ்மென்ட்ல போட்டுடறோம். அடுத்த வருஷம் எடுத்துப் பார்த்தா விரிசல் விட்டிருக்கு. ஓடாத டயர் எப்படிங்க கெட்டுப்போகும்?" கனடாவில் இது பெரிய விஷயம். கியூபெக் மாகாணத்துல டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் போடணும்னு சட்டமே இருக்கு. அப்போ மீதி எட்டரை மாசம் அந்த நாலு டயரும் எங்கேயாவது கிடக்கணும்.

நம்ம ஊர்ல பனிக்கட்டியும் இல்ல, விண்டர் டயரும் இல்ல. ஆனா "ஆஃப் சீசன்ல சக்கரத்தை எப்படிப் பத்திரப்படுத்துறது" என்ற கேள்வி திருவண்ணாமலைக்குப் புதுசே இல்ல. வருஷத்துல ஒரே ஒரு நாள் ஓடி, மத்த 364 நாளும் தெருவிலேயே நிற்கிற ஒரு வண்டி நம்ம ஊர்ல இருக்கு. அதுக்கு ஆங்கிலத்துல பேரே "டெம்பிள் கார்" தான். அதனால அந்த நேயரோட கேள்விக்குத் தேரடி வீதியில இருந்து பதில் தேடலாம்னு நினைச்சேன்.

ஒரு நாள் சீசன்

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். கார்த்திகை தீபத் திருவிழா கொடியேற்றத்துல ஆரம்பிச்சு பத்து நாள். பத்தாம் நாள் சாயங்காலம் 2,668 அடி உயர மலை மேல மகா தீபம். ஏழாம் நாள் தேரோட்டம். அன்னைக்கு அஞ்சு தேர் ஓடும். முதல்ல பிள்ளையார், அடுத்து முருகர், அப்புறம் அண்ணாமலையாரோட பெரிய தேர், அதுக்கு அப்புறம் பெண்கள் வடம் பிடிக்கிற அம்மன் தேர், கடைசியா சின்னப் பிள்ளைங்க இழுக்கிற சண்டிகேஸ்வரர் தேர். ஒரு தேர் மாடவீதி சுற்றி நிலைக்கு வந்த பிறகுதான் அடுத்தது புறப்படும். காலையில ஆரம்பிச்சா முடிய ராத்திரி ஆயிடும்.

பெரிய தேரை மகா ரதம்னு சொல்வாங்க. சுமார் 59 அடி உயரம், ஏறத்தாழ 200 டன் எடைன்னு வருஷா வருஷம் செய்தியில வரும். ஒரு சாதாரண ஹாட்ச்பேக் கார் ஒரு டன் இருக்கும்னு வைங்க. இருநூறு காரை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, அதுக்குச் சக்கரம் மாட்டி, ஜனங்க கையால இழுக்கிறாங்க. அதுவும் எந்த மாசத்துல? வடகிழக்குப் பருவமழை அடிச்சு ஓய்ற கார்த்திகையில. மரம் ஈரத்துல ஊறியிருக்கிற, இரும்பு துருப்பிடிக்கிற, தெரு சேறாகிற நேரத்துலதான் அந்த வண்டி வேலை செஞ்சாகணும்.

2024ஆம் வருஷத்தையே எடுத்துக்கங்க. டிசம்பர் 1ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் மழையில நம்ம மலை அடிவாரத்துலயே மண் சரிஞ்சு ஏழு பேர் இறந்துபோனாங்க. ஊரே அந்த அதிர்ச்சியில இருந்து மீளாத நேரம். ஒன்பது நாள் கழிச்சு, டிசம்பர் 10ஆம் தேதி, மகா ரதம் ஓடியாகணும். ஓடுச்சு. ஏன் ஓடுச்சுன்னா, அதுக்கு முன்னாடி பல மாசம் தேரைப் பிரிச்சு, பழுதான மரத்தை மாத்தி, நவம்பர்ல வெள்ளோட்டமும் பார்த்திருந்தாங்க. மென்பொருள் வேலை பார்க்கிறவங்களுக்கு இது உடனே புரியும். வருஷத்துக்கு ஒரே ஒரு டெப்ளாய்மென்ட், திரும்பி வர வழி கிடையாது, பார்க்கிறவங்க லட்சக்கணக்குல. ஸ்டேஜிங்ல ஓட்டிப் பார்க்காம யாராவது விடுவாங்களா?

தேரை இழுத்துத் தெருவுல விட்டா

"தேரை இழுத்துத் தெருவுல விட்ட கதை"ன்னு நாம சொல்றோம் இல்லையா? ஆரம்பிச்ச வேலையைப் பாதியில விட்டா எல்லாருக்கும் தொந்தரவுங்கிற அர்த்தத்துல. தேர் நிலைக்கு வந்து சேரணும். நிலைங்கிறது வெறும் பார்க்கிங் இல்ல. அது ஒரு பராமரிப்பு முறை. அதுல என்னென்ன இருக்குன்னு பிரிச்சுப் பார்த்தா, டயர் கம்பெனிக்காரங்க கையேட்டுல எழுதுற ஒவ்வொரு விதியும் அதுல இருக்கு.

முதல் விதி, பாரத்தைக் குறை. திருவிழா அன்னைக்கு நாம பார்க்கிற தேர்ல மேல்பாதி நிரந்தரமானது கிடையாது. சிற்பம் செதுக்கின மரப் பீடம்தான் நிரந்தரம். அதுக்கு மேல இருக்கிற சட்டங்கள், துணி அலங்காரம், தொம்பை, கலசம் எல்லாம் வருஷா வருஷம் கட்டி, முடிஞ்சதும் அவிழ்க்கிறது. திருவாரூர் ஆழித்தேரை நினைச்சுப் பாருங்க. அலங்காரத்தோட 96 அடி. அவிழ்த்துட்டா பீடம் 30 அடி சுமார்தான். வருஷம் பூரா அந்த முழுப் பாரத்தையும் சக்கரமும் அச்சும் சுமக்க வேண்டியதில்ல.

இரண்டாவது விதி, வெயிலையும் மழையையும் தடு. ஒரு காலத்துல தென்னங்கீற்று வேய்ந்தாங்க. அப்புறம் தகரக் கொட்டகை வந்தது. இப்போ சில ஊர்கள்ல உள்ளே தேர் தெரியிற மாதிரி ஒளி புகும் தகடு போட்டுக் கூண்டு கட்டுறாங்க. இலுப்பை, வேங்கை, தேக்குன்னு எவ்வளவு நல்ல மரமா இருந்தாலும், வெயில்ல சுருங்கி மழையில உப்பி, மறுபடி சுருங்கினா விரிசல் விடத்தான் செய்யும். விரிசல்ல தண்ணி இறங்கும். தண்ணி இறங்கின இடத்துல கரையானும் பூஞ்சையும் குடியேறும்.

மூன்றாவது விதி, உருளாம கட்டு. சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் முட்டுக்கட்டை. ஓடும்போது தேரைத் திருப்புறதுக்கும் நிறுத்துறதுக்கும் இதே கட்டைதான். சக்கரத்துக்கு அடியில குனிஞ்சு அதைப் போடுற ஆட்கள்தான் அந்த ஊர்வலத்துலயே ஆபத்தான வேலை செய்றவங்க. "முட்டுக்கட்டை போடாதே"ன்னு நாம திட்டுறதுக்குப் பயன்படுத்துறோம். தேர்ல அதைப் போட ஆள் இல்லன்னா என்ன ஆகும்னு யோசிச்சா அந்த வார்த்தை மேல மரியாதை வந்துடும். வள்ளுவர் பெரிய தேரைப் பத்திப் பேசும்போதும் அச்சாணியைத்தான் எடுத்துக்கிட்டார். பார்த்தா சின்னது, பாரம் எல்லாம் அது மேல.

மரச் சக்கரம் இரும்பான கதை

இப்போ சக்கரத்துக்கு வருவோம். பழைய தேர்களுக்கு மரச் சக்கரம், ஓரத்துல இரும்புப் பட்டை. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கும் அதே தத்துவம்தான். குடம், ஆரக்கால், வட்டை எல்லாத்தையும் மரத்துல செஞ்சு கோர்த்து, பட்டையைச் சூடு பண்ணி விரிய வச்சு மாட்டி, தண்ணி ஊத்துவாங்க. பட்டை குளிர்ந்து சுருங்கும்போது மொத்தச் சக்கரத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கும். ஆணி இல்லாத, பசை இல்லாத ஒரு பிணைப்பு.

பிரச்சினை எப்போ வரும்? வண்டி ஓடாத கோடையில. மரம் காஞ்சு சுருங்கும், இரும்பு அப்படியே இருக்கும். பட்டை தளரும். அதனாலதான் அந்தக் காலத்துல சம்சாரிங்க சக்கரத்தைக் கழட்டி வாய்க்காலிலோ குட்டையிலோ ஊற வைப்பாங்க. மரம் ஊறி உப்பினதும் பட்டை மறுபடி இறுகிடும். அதாவது, சக்கரம் கெடுறது ஓடுறதால மட்டும் இல்ல, சும்மா கிடக்கிறதாலயும்தான் என்பது வண்டி வச்சிருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரிஞ்ச விஷயம்.

வண்டிச் சக்கரத்தைக் குட்டையில போடலாம். பெரிய தேர்ச் சக்கரத்தை எந்தக் குளத்துல போடுறது? இங்கேதான் இருபதாம் நூற்றாண்டு உள்ளே வருது. திருவாரூர் ஆழித்தேர் 1920களில் தீயில எரிஞ்சு, புதுசா செஞ்சு, 1930ல ஓடுச்சு. 1948க்கு அப்புறம் நின்னுபோச்சு. 1970லதான் மறுபடி ஓடினது. பிறகு திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் வடிவமைச்சுக் கொடுத்தது. கொதிகலன் செய்யிற தொழிற்சாலை, தேருக்கு இரும்புச் சக்கரமும் அச்சும் பிரேக்கும் செய்ய ஆரம்பிச்சது அழகான கதை. தமிழ்நாட்டின் பல கோயில் தேர்கள் இன்னைக்கு பெல் சக்கரத்துலதான் ஓடுது.

இரும்பு வந்ததால பராமரிப்பு குறைஞ்சிடுச்சான்னா, இல்ல, மாறிடுச்சு. மரம் சுருங்குற கவலை போய், துரு கவலை வந்தது. அச்சும் சக்கரமும் சேருற இடத்துல கிரீஸ் காய்ஞ்சு கட்டியாகும். ஹைட்ராலிக் பிரேக்குக்கு எண்ணெய்க் கசிவு பார்க்கணும். அதனாலதான் தேரோட்டத்துக்கு முன்னாடி பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் வந்து பார்த்து, உறுதித்தன்மைச் சான்று கொடுத்தப்புறம்தான் வடம் பிடிக்க விடுறாங்க.

இது வெறும் காகித வேலைன்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். 2012ல நம்ம மாவட்டத்துல, ஆரணியில, ஒரு கோயில் தேர் சாய்ஞ்சு பக்தர்கள் இறந்தாங்க. 2022 ஏப்ரல்ல தஞ்சாவூர் பக்கம் களிமேட்டுல உயர் அழுத்த மின்கம்பியில தேர் உரசி 11 பேர் இறந்தாங்க. இரண்டாவது விபத்துக்குச் சக்கரம் காரணம் இல்ல. ஆனா இரண்டுலயும் ஒரு பொதுவான பாடம் இருக்கு. தேர் ஓடுற அன்னைக்கு யாராலயும் எதையும் சரிபண்ண முடியாது. கம்பியைக் கழட்டுறது, அச்சைத் தட்டிப் பார்க்கிறது, தெருவை அளக்கிறது, எல்லாம் ஓடாத நாள்ல நடந்திருக்கணும்.

புரி ஜகந்நாதர் கோயில்ல இதுக்கு நேர் எதிரான தீர்வு. மூணு தேர், மொத்தம் 42 சக்கரம், எல்லாத்தையும் ஒவ்வொரு வருஷமும் புது மரத்துல செய்றாங்க. விழா முடிஞ்சதும் பிரிச்சுடுறாங்க. பத்திரப்படுத்துற பிரச்சினையே கிடையாது. ஆனா வருஷா வருஷம் காடு வேணும், தச்சர் பரம்பரை வேணும். நாம சிற்பத் தேரை வச்சுக் காப்பாத்துற வழியை எடுத்துக்கிட்டோம். அந்த வழியில ஆஃப் சீசன் வேலைக்கு விடுமுறையே கிடையாது.

ஆஃப் சீசன் வருஷக்கணக்கா நீண்டா

சில தேர்களுக்கு ஆஃப் சீசன் ஒரு வருஷத்தோட முடியிறதில்ல. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில, யார் யார் வடம் பிடிக்கலாம்ங்கிற கேள்வி 1990களில் நீதிமன்றம் வரைக்கும் போச்சு. பட்டியல் சாதி மக்களுக்கும் வடம் பிடிக்கிற உரிமை உண்டா என்பதுதான் சண்டை. பல வருஷம் தேரே ஓடல. 2024 ஜூன்ல, பலத்த காவலோட மறுபடி ஓடுச்சு. ஒரு பொறியாளரா நான் இதை இப்படிப் பார்க்கிறேன்: சேர்ந்து இழுக்க மனசு இல்லாத ஊர்ல, அந்தத் தேரைப் பராமரிக்கிற கையும் நின்னுபோயிடும். மரத்துல விழுற விரிசல் பிறகு வர்றது.

நம்ம ஊருக்கும் ஒரு நீண்ட ஆஃப் சீசன் வந்தது. 2020லயும் 2021லயும் கொரோனாவால தேரோட்டம் நடக்கல. சுவாமி புறப்பாடு கோயில் வளாகத்துக்குள்ளேயே நடந்தது. 2022 டிசம்பர்லதான் மகா ரதம் மறுபடி மாடவீதிக்கு வந்தது.

அதே 2020 லாக்டவுன்ல நம்ம வீட்டு வாசல்ல என்ன நின்னுச்சு? கார். இரண்டு மூணு மாசம் அசையாம. ஜூன் மாசம் எடுத்தப்போ காத்து இறங்கியிருந்தது, ஓட்டினா "டப் டப் டப்"னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கிறவங்களுக்கு இந்த எபிசோடோட பாதி அறிவியல் ஏற்கெனவே தெரியும்.

ரப்பர் எப்படிச் சும்மா இருந்தே கெடுது

அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் 1839ல ரப்பரோட கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி அதை உறுதிப்படுத்துற வழியைக் கண்டுபிடிச்சார். 1888ல டன்லப் காத்தடைச்ச டயரைச் சைக்கிளுக்குக் கொண்டுவந்தார். நம்ம பக்கம், சென்னை திருவொற்றியூர்ல 1946ல பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்ச எம்.ஆர்.எஃப். பின்னாடி பெரிய டயர் கம்பெனியா வளர்ந்தது. மாட்டு வண்டியும் டயர் வண்டி ஆச்சு. இன்னைக்குப் பல கிராமங்கள்ல சாமி சப்பரத்தையே டிராக்டர் டிரெய்லர் மேல கட்டி இழுக்கிறாங்க. மரச் சக்கரத்தைக் குட்டையில ஊறப் போட்ட அறிவு ரப்பர் டயருக்கு உதவாது. அதுக்கு வேற அறிவு வேணும்.

டயருக்கு எதிரி மூணு பேர். ஒண்ணு, நிலையான பாரம். ஒரே இடத்துல அழுந்தி நின்னா ரப்பரும் உள்ளே இருக்கிற நூலிழையும் அந்தத் தட்டையான வடிவத்தையே பிடிச்சுக்கும். அந்த "டப் டப்" சத்தம் அதுதான். கொஞ்ச தூரம் ஓடிச் சூடானா பெரும்பாலும் சரியாகும். ரொம்ப நாள் நின்னா நிரந்தரமாகும்.

இரண்டாவது ஓசோன். காத்துல இருக்கிற துளி ஓசோன் ரப்பர் மூலக்கூறோட இரட்டைப் பிணைப்பை வெட்டும். இழுபட்ட நிலையில இருக்கிற பக்கச் சுவர்ல அது நுண் விரிசலா தெரியும். இதைத் தடுக்கத்தான் டயர் தயாரிக்கும்போதே மெழுகும் சில ரசாயனங்களும் கலக்கிறாங்க. வண்டி ஓடும்போது டயர் வளைஞ்சு நெளியிறதால அந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்துக்கிட்டே இருக்கும். நின்ன டயருக்கு அது சரியா வராது. டொராண்டோ நேயரே, உங்க கேள்விக்குப் பதில் இதுதான். ஓடுற டயர் தனக்குத் தானே எண்ணெய் தேய்ச்சுக்குது. சும்மா கிடக்கிற டயருக்கு அந்த வாய்ப்பு இல்ல.

மூணாவது வெயிலும் சூடும். அதைத் திருவண்ணாமலைக்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல.

அப்போ என்ன செய்யலாம்? கழட்டின டயரைக் கழுவி, நல்லா காய வச்சு, வெளிச்சம் புகாத பையில போட்டு, குளிர்ச்சியான இருட்டான இடத்துல வைங்க. பளபளப்புக்குத் தடவுற எண்ணெய் எதுவும் வேண்டாம். ரிம் இல்லாத டயரை நிமிர்த்தி நிறுத்தி, மாசம் ஒரு தடவை கொஞ்சம் உருட்டி வைங்க. ரிம்மோட இருந்தா படுக்க வச்சு அடுக்கலாம், தொங்கவும் விடலாம். நிமிர்த்தி வைக்க வேண்டாம். எந்த டயர் எந்தப் பக்கம் இருந்ததுன்னு சாக்பீஸ்ல எழுதி வைங்க. நம்ம வீடுகள்ல மாடிப்படிக்கு அடியிலதான் ஸ்டெப்னி கிடக்கும், தண்ணி மோட்டாரும் அங்கேயே இருக்கும். மோட்டார்ல பொறி பறக்கிற இடம், வெல்டிங் பட்டறை, இரண்டும் ஓசோன் உண்டாக்கும். அந்த இரண்டையும் பிரிச்சு வைங்க.

காரையே மாசக்கணக்குல நிறுத்தினா, காத்துச் சரியா இருக்கான்னு பார்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்துங்க. முடிஞ்சா ஸ்டாண்ட் போட்டுத் தூக்கி வைங்க. டயர் பக்கச் சுவர்ல டி.ஓ.டி. எழுத்துக்கு அப்புறம் வர்ற கடைசி நாலு எண்ணைப் பாருங்க. 2319ன்னு இருந்தா 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம் செஞ்சது. "புதுசு சார், இன்னும் ஓடவே இல்ல"ன்னு கடைக்காரர் சொன்னாலும் அந்த எண்ணைப் பார்த்துட்டுப் பணம் கொடுங்க. ஓடாததாலயே அது இளமையா இருக்கும்னு அர்த்தம் இல்ல.

இன்னொண்ணு, இது டயருக்காக இல்ல, நமக்காக. மொட்டை மாடியில, கொல்லையில டயரைத் திறந்து போட்டா மழைத் தண்ணி தேங்கும். ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஆசியாவோட புலிக் கொசு 1985ல அமெரிக்காவின் ஹூஸ்டன்ல பரவியிருந்ததைக் கண்டுபிடிச்சப்போ, அது கப்பல்ல வந்த பழைய டயர் வழியா வந்திருக்கும்னுதான் கணிச்சாங்க. டெங்கு காலத்துல நகராட்சிக்காரங்க வந்து முதல்ல பழைய டயரைத் தேடுறது சும்மா இல்ல.

எட்டாம் நாள்

நாம எல்லாரும் ஏழாம் நாளைப் படம் எடுக்கிறோம். வடம், கூட்டம், பின்னாடி மலை, 217 அடி ராஜகோபுரம். ஆனா அந்தப் படத்துல இருக்கிற 200 டன் பாதுகாப்பா நகருறதுக்குக் காரணமானவங்க அதுல இருக்க மாட்டாங்க. விழா முடிஞ்சு அலங்காரத்தை அவிழ்க்கிறவங்க, கூரை வேயிறவங்க, ஆடி மாசக் காத்துல பறந்த தகரத்தை மறுபடி அடிக்கிறவங்க, மரத்தைத் தட்டிச் சத்தத்தை வச்சே உள்ளே பொந்து இருக்கான்னு சொல்ற தச்சர். அவங்களுக்கு விழா மேடை கிடையாது.

அடுத்த தடவை தேரடி வீதி வழியா போகும்போது, தேர் ஓடாத ஏதாவது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, ஒரு நிமிஷம் நின்னு அந்தச் சக்கரத்தையும் முட்டுக்கட்டையையும் பாருங்க. தேருக்கு வேலை நடக்கிறது அன்னைக்குத்தான்.

உங்க ஊர்த் தேர் ஆஃப் சீசன்ல எப்படி இருக்கு, யார் பார்த்துக்கிறாங்கன்னு எழுதி அனுப்புங்க. நல்ல தகவலா சேர்ந்தா அதையே தனி எபிசோடா பண்ணிடலாம். அடுத்த வாரம் சந்திப்போம்.